பூட்டிய அலமாரிகளும் முத்துக்குளித்துறையும்

கல்லூரி மாணவர்கள் இப்போது நூலகத்தின் பக்கமே வருவதில்லை என்பது கல்வியாளர்கள் கூடும் மேடைகளில் தவறாமல் ஒலிக்கும் ஒப்பாரி. கைபேசி கெடுத்துவிட்டது, தொலைக்காட்சி கெடுத்துவிட்டது, மதிப்பெண் வெறி கெடுத்துவிட்டது என்று குற்றவாளிகளின் பட்டியல் வளர்ந்துகொண்டே போகும். அந்தப் பட்டியலில் ஒருபோதும் இடம்பெறாத பெயர் ஒன்று உண்டு. அது நூலகம். வாசகனை வாசலிலேயே நிறுத்திப் பையை வாங்கிவைத்து, அடையாள அட்டையைச் சரிபார்த்து, அலமாரியைப் பூட்டிவைத்து, மாலை நான்கரை மணிக்கு விளக்கை அணைக்கும் ஓர் இடத்துக்கு வாசகன் ஏன் வரவேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

தூத்துக்குடியிலிருந்து பாளையங்கோட்டை வரை நீளும் நிலப்பரப்பில் கிறித்தவ நிறுவனங்கள் நடத்தும் கல்லூரிகளின் நூலகங்களைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். ஏதேனும் ஒரு கல்லூரியைச் சுட்டிக் குறைகூறுவது என் நோக்கமன்று, நோய் பொதுவானது. என் வாதம் எளிமையானது. இந்த நூலகங்களின் கதவுகள் சொந்த மாணவர்களுக்கு முழுமையாகவும், ஊராருக்கு ஒழுங்குமுறையோடும் திறக்கப்பட வேண்டும். இது கல்லூரிகள் மனமிரங்கிச் செய்யவேண்டிய அறச்செயல் அன்று. இக்கடற்கரைக்கு அவை பட்டிருக்கும் கடன்.

கடன் என்ற சொல்லை அளந்துதான் பயன்படுத்துகிறேன். இந்திய மண்ணில் இந்திய மொழியொன்றின் எழுத்துகளில் அச்சான முதல் நூல் 'தம்பிரான் வணக்கம்'. 16 பக்கங்கள் கொண்ட அச்சிறு நூல் 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சிடப்பட்டது. அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வெளிவந்தது. 1586 இல் அடியார்களின் வரலாறுகளைக் கூறும் 'ஃப்ளோஸ் சாங்க்தோரும்' 600 பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூலாக வந்தது. இவற்றை ஆக்கியவர் முத்துக்குளித்துறையில் அரைநூற்றாண்டுக்கும் மேலாக உழைத்து, 1600 இல் புன்னைக்காயலில் மறைந்த ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார். அச்சுக்கூடத்துக்குப் பணம் திரட்டிக் கொடுத்தவர்கள் இக்கரையின் பரதவர்கள். கடலில் மூச்சடக்கி முத்தெடுத்த மக்களின் உழைப்புதான் தமிழின் முதல் அச்சு நூல்களுக்கு முதலீடு ஆயிற்று. தமிழக அச்சு வரலாற்றைச் சீகன்பால்குவின் தரங்கம்பாடியிலிருந்து தொடங்குகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். தரங்கம்பாடி அச்சகம் வருவதற்கு 130 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மீனவச் சமூகம் தான் படிப்பதற்கென்று புத்தகம் அச்சிடப் பணம் கொடுத்திருக்கிறது.

அந்தப் புத்தகங்கள் இன்று எங்கே இருக்கின்றன? தம்பிரான் வணக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். ஃப்ளோஸ் சாங்க்தோருமுக்கு வத்திக்கான் போக வேண்டும். யாருக்காக அச்சிடப்பட்டதோ, யார் பணத்தில் அச்சிடப்பட்டதோ, அவர்களின் ஊரில் ஒரு படிகூட நிலைக்கவில்லை. உப்புக்காற்றும் கரையானும் போர்களும் காரணம் என்று சொல்லிவிடலாம். அவையும் காரணங்களே. ஆனால் கடற்காற்று படாத ஊரா வெனிசு? லிசுபன்? அங்கெல்லாம் பழைய நூல்கள் பிழைத்தன. பேணுவதற்கென நிறுவனமும் பேணவேண்டும் என்ற நினைவும் அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்தன. நமக்குப் புத்தகம் இருந்தது, நூலகம் இருக்கவில்லை.

இந்த இழப்பை முதலில் உணர்ந்து செயல்பட்டவரும் இதே தூத்துக்குடியில் இருந்தவர்தான். ஈழத்துக் கரம்பொன்னில் பிறந்து, தூத்துக்குடி மறைமாவட்டக் குருவாக வந்து, வடக்கன்குளம் பள்ளியில் பணியாற்றியபோது முறையாகத் தமிழ் கற்கத் தொடங்கிய சேவியர் தனிநாயகம் அடிகளார் 1948 இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவினார். 1952 இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்ற ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் உருவாவதற்கு முன்பே, உலகத்தோடு தமிழைப் பற்றி உரையாடிய இதழ் அது. ஐரோப்பிய நூலகங்களில் அவர் தேடிய தேட்டத்தின் பயனாக, 1679 இல் அச்சான அந்தாம் தெ புரோயன்சாவின் தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி 1966 இல் கோலாலம்பூரில் மறுபதிப்புக் கண்டது. சேசு சபையைச் சேர்ந்த இராசமாணிக்கம் அடிகளார் ஹென்றிக்கஸின் நூல்களை மீட்டுப் பதிப்பித்தபோது, அவற்றை வெளியிட்டதும் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகமே.

1948 என்ற ஆண்டைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். தமிழ் இலக்கியக் கழகம் தோன்றிய அதே ஆண்டில்தான் தூத்துக்குடியில் பெண்களுக்கான புனித மரியன்னை கல்லூரி தொடங்கப்பட்டது. அதே ஆண்டில்தான் சென்னை மாகாணத்தில் பொதுநூலகச் சட்டம் நிறைவேறியது. இந்திய மாகாணங்களில் இதுவே முதலாவது. ஆராய்ச்சி, பெண்கல்வி, பொதுநூலகம் என்ற மூன்று ஓடைகள் ஒரே ஆண்டில் புறப்பட்டன. இவை ஓரிடத்தில் கலந்திருந்தால் இக்கடற்கரையின் அறிவு வாழ்வு வேறொன்றாக இருந்திருக்கும் என்று நம்புகிறேன். கலக்கவில்லை. கல்லூரி கல்லூரியாகவும், பொதுநூலகம் போட்டித் தேர்வுக்காரர்களின் ஒதுங்கிடமாகவும், ஆராய்ச்சி முனைவர் பட்ட ஏடாகவும் தனித்தனியே ஒதுங்கின.

இன்றைய நிலைக்கு வருவோம். ஒரு கல்லூரி தன் நூலகத்தைப் பற்றி எப்போது கவலைப்படுகிறது? தரமதிப்பீட்டுக் குழு வரும் ஆண்டில்தான். அப்போது சுவருக்கு வண்ணம் பூசப்படும், மின்னிதழ்ச் சந்தா புதுப்பிக்கப்படும், வருகைப் பதிவேடுகள் திடீரென நிரம்பும். 2017 முதல் நடப்புக்கு வந்த மதிப்பீட்டு முறையில், ஒரு நாளில் ஆசிரியர்களிலும் மாணவர்களிலும் எத்தனை விழுக்காட்டினர் நூலகத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்ற கேள்வி இருந்தது. வந்தவர் என்ன படித்தார், யாருடன் விவாதித்தார், எதை எழுதினார் என்று எந்தப் படிவமும் கேட்கவில்லை. ஊரைச் சேர்ந்த ஒருவர் உள்ளே வரமுடியுமா என்ற கேள்விக்கோ அங்கே இடமே இல்லை. அளவுகோல் எதை அளக்கவில்லையோ அதை நிருவாகமும் கண்டுகொள்வதில்லை.

இக்கல்லூரிகளில் படிக்கும் மாணவிகள் யார்? உப்பளத்தில் கூலி வேலை பார்ப்பவரின் மகள், விசைப்படகில் பங்குக்குப் போகிறவரின் மகள், தீப்பெட்டி ஒட்டிப் பிழைத்த குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவள். இவர்களில் பலருடைய வீடு ஓரறை வீடு. மேசையும் மின்விசிறியும் அமைதியும் ஒருசேரக் கிடைக்கும் ஒரே இடம் அவர்களுக்குக் கல்லூரி நூலகம்தான். அந்த நூலகம் கடைசி வகுப்பு முடிந்ததும் மூடப்பட்டால், வகுப்பு நடக்கும் நேரத்தில் வகுப்பிலும் இருக்க வேண்டிய அந்தப் பெண் எப்போது அங்கே உட்காருவாள்? வாரத்துக்கு ஒரு 'நூலக நேரம்' என்று கால அட்டவணையில் குறித்திருப்பார்கள். அதையும் பாடம் முடிக்காத ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்வார்.

ஊராரின் நிலை இதைவிட மோசம். சில ஆண்டுகளுக்கு முன், பழைய பள்ளி மலர் ஒன்றைத் தேடி இப்பகுதிக் கல்லூரி ஒன்றுக்குப் போயிருந்தேன். முதல்வரிடம் கடிதம் கேட்டார்கள், கொடுத்தேன். செயலரின் ஒப்புதல் வேண்டுமென்றார்கள், காத்திருந்தேன். மூன்றாம் முறை போனபோது, அந்த அலமாரியின் சாவி ஓய்வுபெற்றுச் சென்ற ஒருவரிடம் இருப்பதாகச் சொன்னார்கள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நான் தேடிய மலரின் முதுகு தெரிந்துகொண்டிருந்தது. இதைவிட நீண்ட அலைக்கழிப்புகளைச் சொல்லும் ஆய்வாளர்களை அறிவேன்.

கதவைத் திறக்கச் சொன்னால் எழும் மறுப்புகளையும் அறிவேன். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

புத்தகம் திருடு போகும் என்பது முதல் மறுப்பு. போகும்தான். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்து, 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதனிடமும் இதே அச்சத்தைத்தான் சொன்னார்கள். வாசகர் தாமே அலமாரிக்குச் சென்று நூலை எடுக்கும் திறந்த முறையை அவர் கைவிடவில்லை. 1931 இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது, நூலின் பயன்பாட்டைத்தான் நூலகத்தின் நோக்கமாக வைத்தது, பாதுகாப்பை அன்று. ஆண்டுக்குப் பத்து நூல்கள் தொலைவது இழப்பு. பத்தாயிரம் நூல்கள் யார் கையும் படாமல் மக்கிப்போவது அதைவிடப் பேரிழப்பு. முதலாவது தணிக்கையில் தெரியும், இரண்டாவது தெரியாது. அவ்வளவுதான் வேறுபாடு.

பெண்கள் பயிலும் வளாகத்தில் அயலாரை எப்படி விடுவது என்பது இரண்டாவது மறுப்பு. இதை எளிதாகத் தள்ளமாட்டேன். பெற்றோரின் அச்சம் உண்மையானது. ஆனால் ஊரில் பாதிப்பேர் பெண்கள். அவர்களை விடுவதில் என்ன தடை? முன்னாள் மாணவிகள், பள்ளி ஆசிரியைகள், சங்குளி குடும்பத்துப் பெண்கள், உப்பளத்துப் பெண்களின் பிள்ளைகள் ஆகியோருக்குச் சனி, ஞாயிறு கதவைத் திறக்கலாமே. தெருவைப் பார்த்த தனிவாசல் ஒன்றை வைப்பது கட்டடப் பொறியாளருக்குப் பெரிய வேலையன்று.

எல்லாம் இணையத்தில் கிடைக்கிறதே என்பது மூன்றாவது. எல்லாம் கிடைக்கவில்லை. கடற்கரை ஊர்களின் திருவிழா மலர்கள், பள்ளிகளின் பொன்விழா ஏடுகள், மீனவர் சங்கத் துண்டறிக்கைகள், ஊர் நாடகக் கையெழுத்துப் படிகள், தோணிக் கணக்குப் பேரேடுகள் ஆகியவற்றை எந்த இணையதளத்தில் தேடுவது? தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961 இல். பார்களின் பெயர்களையும் குளியாட்களின் சொற்களையும் நேரில் அறிந்தவர்கள் இன்று எண்பதைக் கடந்தவர்கள். அவர்களின் பேச்சைப் பதிந்துவைக்க மாணவர்களும் ஒலிப்பதிவுக் கருவியும் ஒரு நூலகரும் போதும். மூன்றும் கல்லூரியில் இருக்கின்றன. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு', 'கொற்கை' ஆகிய நாவல்கள் இக்கரையின் வாழ்வை எழுத்தில் வைத்தன. அந்தப் பணியை எழுத்தாளர்களின் தனி நினைவாற்றலுக்கு விட்டுவிட்டு நிறுவனங்கள் கைகட்டி நிற்பது அறமாகாது.

பொதுமக்களுக்குத்தான் அரசு நூலகம் இருக்கிறதே என்பது நான்காவது. இருக்கிறது. வீட்டுவரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். அதற்காகக் கல்லூரி நூலகம் ஊருக்கு அந்நியமாக இருக்கலாம் என்றாகாது. அரசு உதவிபெறும் கல்லூரியில் உதவிபெறும் பணியிடத்தில் இருப்பவருக்குச் சம்பளம் பொதுக்கருவூலத்திலிருந்துதான் வருகிறது. அரசியலமைப்பின் 30 ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குக் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தருகிறது. அந்த உரிமையை முழுமனத்தோடு ஆதரிப்பவன் நான். உரிமையை ஆதரிப்பவனுக்குத்தான் அந்த உரிமையைக்கொண்டு என்ன செய்தீர்கள் என்று கேட்கும் தகுதியும் உண்டு.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்பவர்களுக்குக் கடலுக்கு அப்பால் ஒரு சான்று உண்டு. 1933 இல் க.மு. செல்லப்பா தம் வீட்டில் தொடங்கிய சிறு நூலகம் யாழ்ப்பாணப் பொதுநூலகமாக வளர்ந்தது. அதற்கெனத் தனிக் கட்டடம் எழும்ப முன்னின்று உழைத்தவர்களில் ஒருவர் புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபர் லோங் அடிகளார். தம் கல்லூரிக்குள் இன்னொரு கட்டடம் எழுப்புவது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் ஊருக்காக உழைத்தார். ரங்கநாதன் ஆலோசனை வழங்கினார்; சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வடிவமைத்தார். 1959 இல் திறக்கப்பட்ட அந்நூலகத்தில் 1981 இல் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிக்கப்பட்டன. தீயைக் கண்ட அதிர்ச்சியில் தாவீது அடிகளார் உயிர்நீத்தார். லோங் அடிகளாரின் சிலையை அந்நூலக வளாகத்தில் நிறுத்தியது திருச்சபை அன்று, ஊர். அந்தக் கரையில் ஒரு கல்லூரி அதிபரால் முடிந்தது இந்தக் கரையில் ஏன் முடியாது?

எரிப்பதற்கு இங்கே யாரும் வரவேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டித் தூத்துக்குடி மாவட்டமே நீரில் மிதந்தது. வீடுகளில் இருந்த பத்திரங்களும் சான்றிதழ்களும் நிழற்படங்களும் சேற்றில் கூழாயின. ஒரே ஒரு படி, ஒரே ஓர் அலமாரி, ஒரே ஒரு சாவி என்று வைத்துக்கொண்டிருக்கும் எதற்கும் அடுத்த மழையில் இதுவே கதி. பலர் கைக்குச் சென்று, பலமுறை படியெடுக்கப்பட்டவையே தப்பும். நூலைப் பூட்டிவைப்பது பாதுகாப்பு என்ற நம்பிக்கைக்கு முத்துக்குளித்துறை 400 ஆண்டுகளாகவே மறுப்புரை எழுதி வருகிறது.

ஆகவே கேட்பவை இவைதாம். வேலைநாளில் இரவு எட்டு மணி வரை நூலகம் திறந்திருக்கட்டும். வார இறுதியில் ஊராருக்குச் சிறுகட்டணத்தில் உறுப்பினர் அட்டை கொடுங்கள். பழைய நூல்களுக்கும் மலர்களுக்கும் பொதுப்பட்டியல் ஒன்றை வெளியிடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் தமிழ்த்துறை, வரலாற்றுத் துறை மாணவர்கள் கடற்கரை ஊர் ஒன்றின் ஏடுகளையும் வாய்மொழிகளையும் சேகரித்து நூலகத்தில் சேர்க்கட்டும். அதற்குப் பாடத்திட்டத்தில் மதிப்பெண் கொடுங்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் இதற்குப் பல்கலைக்கழகத்தின் ஆணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தங்கள் கல்விக்குழுவைக் கூட்டினால் போதும்.

ஆகஸ்டு 5 அன்று பனிமய மாதா கோயிலில் யார் எந்த மதம் என்று வாசலில் எவரும் கேட்பதில்லை. ஊரே உள்ளே போகிறது, ஊரே வெளியே வருகிறது. அடுத்த திருவிழாவுக்குள் ஒரே ஒரு கல்லூரியாவது, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது, தன் நூலக வாசலில் அதே வழக்கத்தைக் கடைப்பிடித்துப் பார்க்கட்டும். அப்போது வராதவர்களைப் பற்றி நாம் புலம்பலாம்.