கொலஸ்ட்ரால் கட்டுக்கதையும் ஒரு நார்வே டாக்டரும்

"கொலஸ்ட்ரால் என்பதே மருந்து கம்பெனிக்காரன் கட்டிவிட்ட கதை!" இந்த வாட்ஸப் ஞானம் உங்களுக்கும் வந்திருக்கும். நல்லா படிச்சவங்களே இதை அனுப்புறாங்க என்பதுதான் கொடுமை. அட்டாக் வந்து பிழைச்ச மனுஷன் இதை நம்பி மாத்திரையை நிறுத்தினா, அனுப்பினவரா வந்து பதில் சொல்லப் போறார்?

இந்த ஞானிகளுக்கு டெர்யே பெடர்சன் என்ற ஆஸ்லோ இதய மருத்துவரைத் தெரிஞ்சிருக்காது. கொலஸ்ட்ராலைக் குறைச்சா உயிர் தப்புமான்னு மருத்துவர்களே சந்தேகப்பட்ட காலத்தில், ஸ்காண்டிநேவியாவில் 'ஃபோர் எஸ்' ஆய்வை வழிநடத்தியவர். ஏற்கனவே இதய நோய் உள்ள 4,444 பேர். பாதிப் பேருக்கு சிம்வாஸ்டாடின், மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரை. யாருக்கு எதுன்னு நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஐந்து வருஷத்துக்கு மேல கவனிச்சாங்க. 1994-ல் முடிவு வந்தது. மருந்தில்லாத பக்கம் 256 சாவு, மருந்து எடுத்த பக்கம் 182. வித்தியாசம் 74 உயிர்.

"காசு கொடுத்தது மெர்க் கம்பெனிதானே?" ஆமாம் சாமி, அவங்கதான். அடுத்த கதையையும் கேளுங்க.

அதே மெர்க், ஷெரிங்-ப்ளவ் கம்பெனியோட சேர்ந்து காசு போட்ட 'சீஸ்' ஆய்வுக்கும் பெடர்சன்தான் தலைமை. இதய வால்வு சுருங்கின 1,873 பேருக்கு சிம்வாஸ்டாடினும் எஸெடிமைபும் பலன் தருமான்னு பார்த்தாங்க. 2008-ல் முடிவு: வால்வு நோய்க்குப் பலன் இல்லை. அது போதாதுன்னு, மருந்து எடுத்தவங்கள்ல 105 பேருக்குப் புற்றுநோய், எடுக்காதவங்கள்ல 70 பேருக்கு. ரெண்டையும் மறைக்காம வெளியிட்டாங்க. கம்பெனி கைக்கூலி செய்யற வேலையா இது?

அந்தப் புற்றுநோய் சந்தேகத்தையும் அப்படியே விடலை. 18,144 பேரை வச்சு நடந்த 'இம்ப்ரூவ்-இட்' ஆய்வு 2015-ல் வெளியானப்போ, எஸெடிமைப் சேர்த்ததால புற்றுநோய் கூடலைன்னு தெரிஞ்சது.

நம்ம பாஷையில சொன்னா, பாஸான டெஸ்ட் கேஸை மட்டும் டெமோவில் காட்டாம, ஃபெயிலானதையும் ரிப்போர்ட்ல போட்ட ஆள். எத்தனை ப்ராஜெக்ட் மேனேஜர் இதைச் செய்வார், நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க!

ஸ்டாடின் எல்லாருக்கும் தேவையான்னு தாராளமா கேளுங்க. ஆபத்து கம்மியா உள்ளவருக்கு லாபமும் கம்மிதான். பக்கவிளைவைப் பற்றியும் கேளுங்க. ஆனா எண்ணைக் காட்டிக் கேளுங்க. "எல்லாம் சதி" என்பது கேள்வி இல்லை, சோம்பேறித்தனம். அதுக்கு விலை கொடுக்கப் போறது அடுத்த வீட்டுக்காரரோட இதயம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டறவன். மாத்திரையைப் பற்றி உங்க டாக்டர்கிட்ட பேசுங்க. உங்களுக்கு ஃபார்வர்டு அனுப்பினவரும் டாக்டர் இல்லைங்கறதை மட்டும் மறந்துடாதீங்க.