பதுங்கும் நாயகனும் பாராத காவலனும்

ஒளிந்து பிடிக்கும் விளையாட்டை அறியாத குழந்தை நம் நாட்டில் இல்லை. கண்ணாமூச்சியின் இன்பம் ஓட்டத்தில் மட்டுமா இருக்கிறது? கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு, தேடி வருபவனின் காலடி ஓசையைக் கேட்டுக்கொண்டு நிற்கிறோமே, அந்த நொடியில்தான் முழு இன்பமும் இருக்கிறது. இந்தப் பழைய இன்பத்தைக் கணினித் திரைக்குக் கொண்டு வந்தவையே ஆங்கிலத்தில் ‘ஸ்டெல்த்’ என்று வழங்கப்படும் பதுங்கல் விளையாட்டுகள். நம் கல்லூரியில் மரத்தடியிலும், பேராசிரியர்கள் பொறுத்தருள்வார்களாக, வகுப்பறையின் கடைசி வரிசையிலும் இவற்றைப் பற்றிய பேச்சு நாள்தோறும் நடக்கிறது. பேச்சு எங்கு தொடங்கினாலும் முடிவது ஒரே கேள்வியில்தான்: “விளையாட்டு அவ்வளவு நன்றாயிருக்கிறதே, படம் மட்டும் ஏன் சப்பென்று போயிற்று?” இக்கேள்விக்கு என் சிற்றறிவுக்கு எட்டிய விடையைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளையாட்டு பிறந்த கதை

1987-ஆம் ஆண்டு ஜப்பானின் கொனாமி நிறுவனத்தில் ஹிதேயோ கொஜிமா என்ற இளைஞர் ‘மெட்டல் கியர்’ என்னும் விளையாட்டை உருவாக்கினார். போர் விளையாட்டு ஒன்றைச் செய்து தருவதே அவருக்கு இடப்பட்ட வேலை. ஆனால் அவருக்குக் கிடைத்த எம்.எஸ்.எக்ஸ்.2 கணினிக்கு அவ்வளவு வலிமை இல்லை. திரையில் பல வீரர்களும் பல குண்டுகளும் ஒரே நேரத்தில் பாய்ந்தால் அது தாங்காது. எனவே சண்டையிடாமல் சண்டையைத் தவிர்த்துச் செல்வதையே ஆட்டமாக்கினார் அவர். சிறைமுகாமிலிருந்து கைதிகள் தப்புவதைக் காட்டும் ‘தி கிரேட் எஸ்கேப்’ (1963) என்ற திரைப்படம் அதற்குத் தூண்டுகோலாக இருந்ததாம். ஆக, இவ்விளையாட்டின் பிறப்பிலேயே சினிமாவுக்குப் பங்கு உண்டு.

பின்னர் 1998-ல் ‘மெட்டல் கியர் சாலிட்’, ‘தீஃப்’, 2000-ல் ‘ஹிட்மேன்’, 2002-ல் ‘ஸ்ப்ளிண்டர் செல்’, 2007-ல் ‘அசாசின்ஸ் கிரீட்’ என்று இவ்வினம் பெருகியது. எல்லாவற்றுக்கும் இலக்கணம் ஒன்றே. காவலர் எங்கே நிற்கிறார், எப்போது திரும்புகிறார், எது வரை அவர் கண் எட்டும் என்பதைப் பொறுமையாகக் கவனிக்க வேண்டும். அவர் முதுகு திரும்பும் நேரத்தில் கடக்க வேண்டும். பார்க்கப்பட்டால் தோல்வி.

படங்கள் இடறிய இடம்

இவற்றிலிருந்து வந்த படங்களைப் பாருங்கள். ‘ஹிட்மேன்’ 2007-லும் 2015-லும் இருமுறை படமாயிற்று. விளையாட்டில் அந்த மொட்டைத்தலை ஆசாமி சமையற்காரன் உடையில், பரிமாறுபவன் உடையில் கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்து நடப்பான். 2018-ல் வந்த ‘ஹிட்மேன் 2’ விளையாட்டில் அவன் மும்பைக்கே வந்துவிடுகிறான்! அங்கே தன்னையே நாயகனாக வைத்துப் படம் எடுக்கும் செல்வர் ஒருவரை அவன் நெருங்க வேண்டும். யாரும் தன்னைக் கவனிக்கவில்லை என்பதே அவனுடைய வல்லமை. படத்திலோ அவன் இரண்டு கைகளிலும் துப்பாக்கி ஏந்திச் சுடுகிறான். 2007-ஆம் ஆண்டுப் படத்தில் ரயில் பெட்டிக்குள் வாட்போரே நடக்கிறது. உடையும் மொட்டைத்தலையும் விளையாட்டிலிருந்து வந்தன; பதுங்கல் மட்டும் வரவில்லை.

2016-ல் வந்த ‘அசாசின்ஸ் கிரீட்’ படத்தில் நல்ல நடிகரான மைக்கேல் ஃபாஸ்பெண்டர் இருந்தார். என்றாலும் கதையின் பெரும்பகுதி இக்கால ஆய்வுக்கூடத்திலேயே நடந்து, பழைய ஸ்பெயின் நாட்டின் தெருக்களும் கூரைகளும் இடையிடையே வந்து போகும் காட்சிகளாகிவிட்டன.

இதற்குக் காரணம் தயாரிப்பாளர்களின் அச்சமே என்பது என் கருத்து. காத்திருப்பதைக் காட்டினால் பார்வையாளர் எழுந்து போய்விடுவார் என்று அஞ்சுகிறார்கள். 1955-ல் வந்த ‘ரிஃபிஃபி’ என்ற பிரெஞ்சுப் படத்தில் ஏறத்தாழ அரை மணி நேரம், பேச்சும் இசையும் இல்லாமல், ஒரு நகைக்கடைத் திருட்டு மட்டுமே நடக்கிறது. இன்றும் அந்தக் காட்சிக்காகவே அப்படத்தைத் தேடிப் பார்க்கிறார்கள்.

நம் திரையின் தடை

நம் ஊரில் இந்தத் தடை இன்னும் பெரிது. நம் சினிமாவில் நாயகன் என்பவன் பார்க்கப்பட வேண்டியவன். முதலில் கால் தெரியும், பிறகு கை, பிறகு முதுகு. கடைசியில் முகம் தெரியும்போது திரையரங்கே விசிலில் அதிரும். யார் கண்ணிலும் படக்கூடாத ஒருவனை நாயகனாக்கினால் அந்த விசிலுக்கு என்ன வழி? இக்கேள்விக்கு விடை கண்டவர்கள் நம்மிடையே இல்லாமற் போகவில்லை.

1954-ல் வீணை எஸ். பாலசந்தர் ஏ.வி.எம். நிறுவனத்துக்காக இயக்கிய ‘அந்த நாள்’ படத்தில் பாட்டே கிடையாது. இரண்டாம் உலகப் போர்க் காலச் சென்னையில் நடக்கும் கதை. தொடக்கத்திலேயே சிவாஜி கணேசன் சுடப்பட்டு விழுகிறார்! நாயகனின் அறிமுகக் காட்சியே அவனது மரணக் காட்சி. அவன் எதை மறைத்து வாழ்ந்தான் என்பதைத்தான் பிறகு நாம் தேடுகிறோம்.

‘மெட்டல் கியர்’ வெளிவந்த அதே 1987-ல் சிங்கீதம் சீனிவாசராவ், கமல்ஹாசனை வைத்துப் ‘பேசும் படம்’ எடுத்தார். வேலையில்லாத பட்டதாரி ஒருவன், குடிபோதையில் தெருவில் கிடக்கும் பணக்காரரைத் தன் அறையில் அடைத்துவிட்டு, அவருடைய இடத்தில் நட்சத்திர விடுதியில் தங்குகிறான். அந்தப் பணக்காரரைக் கொல்ல ஏவப்பட்டவன் பனிக்கட்டிக் கத்தியோடு இவனைத் தொடர்கிறான். வசனம் ஒன்றுகூட இல்லை. மாறுவேடம், அயலான் அறை, பிடிபடும் பயம் என்று பதுங்கல் விளையாட்டின் அங்கங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. விளையாட்டைப் பார்த்து எடுத்த படமன்று அது. ஆனாலும் ‘ஹிட்மேன்’ படங்கள் இரண்டையும்விட ‘ஹிட்மேன்’ விளையாட்டுக்கு அதுவே நெருங்கிய உறவு என்பேன்.

அண்மைக்கால உதாரணங்களும் உண்டு. 2019-ல் அஷ்வின் சரவணன் இயக்கிய ‘கேம் ஓவர்’ படத்தின் நாயகி விளையாட்டுகளை வடிவமைப்பவள். முகமூடி அணிந்த கொலைகாரர்கள் வீட்டுக்குள் புக, சக்கர நாற்காலியில் இருக்கும் அவளுக்கு விளையாட்டில் இருப்பதைப் போலவே மூன்று உயிர்கள் கிடைக்கின்றன. விளையாட்டில் தோற்றால் பொத்தானை அழுத்தி மீண்டும் தொடங்கலாம். எத்தனை முறை செத்தாலும் இழப்பு இல்லை. இப்படத்திலோ மூன்றாவது உயிருக்குப் பின் நான்காவது கிடையாது. அந்த எண்ணிக்கையே நம்மை நாற்காலி நுனிக்குத் தள்ளுகிறது.

2021-ல் வெங்கட் பிரபு இயக்கிய ‘மாநாடு’ இன்னும் ஒரு படி மேலே போயிற்று. முதலமைச்சரின் கொலையைத் தடுக்க, ஒரே நாளை மீண்டும் மீண்டும் வாழ்கிறான் நாயகன். விளையாட்டில் இருப்பது போலவே ஒவ்வொரு தோல்வியிலும் ஒன்றைக் கற்றுக்கொள்கிறான். ஆனால் படம் சூடு பிடிப்பது எப்போது? எதிரியான காவல்துறை அதிகாரிக்கும் அந்த நாளின் நினைவுகள் வரத் தொடங்கும்போதுதான். அதுவரை சதுரங்கக் காய் போல் இருந்தவர் தானும் சிந்திக்கிறார், தானும் கற்கிறார். எஸ்.ஜே. சூர்யா அப்பாத்திரத்தில் பெற்ற கைதட்டலை நாம் அறிவோம்.

நான் சொல்ல வந்த கருத்தின் வாசல் இதுதான். எதிர்ப்பக்கத்தில் நிற்பவனுக்கு மனம் உண்டு என்று காட்டும்போதுதான் விளையாட்டு சினிமாவாகிறது.

காவலனின் பக்கம்

இதை நான் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை. கல்லூரிக் கட்டணத்துக்காகவும் கைச்செலவுக்காகவும் சனி, ஞாயிறு இரவுகளில் அடையாறு காந்தி நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி வேலை பார்க்கிறேன். இரவு எட்டு முதல் காலை எட்டு வரை. நீலச் சட்டை, ஒரு விசில், ஒரு டார்ச் விளக்கு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, வருவோர் போவோர் பெயரை எழுத ஒரு நோட்டு. இவையே எங்கள் படைக்கலங்கள்.

விளையாட்டில் வரும் காவலன் ஒரே பாதையில் போய் வருவான். சத்தம் கேட்டால் “யார் அங்கே?” என்பான், சிறிது தேடுவான், “எலியாக இருக்கும்” என்று திரும்பிவிடுவான். நண்பர்கள் அவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். என்னோடு வேலை செய்யும் பெரியவர் செய்யாற்றுப் பக்கத்துக்காரர், அறுபதைக் கடந்தவர். அவரும் ஒரே பாதையில்தான் போய் வருகிறார். வாசல், மோட்டார் அறை, பின்பக்கச் சுவர், மீண்டும் வாசல். மாடிப்படி ஏறமாட்டார், முழங்கால் ஒத்துழைப்பதில்லை. ஜெனரேட்டர் மூலையில் சற்று அதிக நேரம் நிற்பார். அங்கேதான் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்கும், ஊரிலிருக்கும் பேத்தியின் குரல் கேட்கும். நாலு மணிக்குத் தண்ணீர் மோட்டாரைப் போட மறந்தால் எட்டு வீட்டுக்காரர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். பதுங்கி வருபவன் ஒருவன் இரண்டு இரவுகள் எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் எங்கள் வரைபடம் முழுவதையும் எழுதிவிடுவான். விளையாட்டுக் காவலனின் பாதை மாறாததற்குக் காரணம் எழுதப்பட்ட நிரல். எங்கள் பாதை மாறாததற்குக் காரணம் உடம்பும் வீடும்.

சென்ற ஆண்டு வாசலில் நின்ற சைக்கிள் ஒன்று காணாமற் போயிற்று. எடுத்தவன் யாரென்று இன்றுவரை தெரியாது. ஆனால் அதன் விலையைப் பெரியவரின் சம்பளத்தில் இரண்டு மாதம் பிடித்தார்கள். எந்த விளையாட்டிலாவது இது உண்டா? நாயகன் கோப்பை எடுத்துக்கொண்டு கூரை வழியாகப் போய்விடுகிறான். திரையில் வெற்றி என்று எழுத்து வருகிறது. காலையில் அந்தக் காவலன் மேலாளர் முன் நிற்பதை யாரும் காட்டுவதில்லை. விளையாட்டில் அதற்கு இடமும் இல்லை. ஆடுபவனின் கை நாயகனோடு கட்டப்பட்டிருக்கிறது. சினிமாவுக்கு அந்தக் கட்டு கிடையாது. இருட்டில் பதுங்குபவனையும், அவனைத் தேடும் விளக்கின் பின்னால் இருக்கும் முகத்தையும் அடுத்தடுத்துக் காட்ட அதனால் முடியும். விளையாட்டிடமிருந்து ஆடும் சுதந்திரத்தைப் பறித்துக்கொள்ளும் சினிமா, பதிலுக்குத் தரக்கூடியது இந்த முகத்தைத்தான்.

“காவலன் மீது இரக்கம் வந்தால் விறுவிறுப்புப் போய்விடுமே” என்று ஒரு நண்பர் வாதிட்டார். போகாது என்பேன். ஒருவனுக்காக மட்டும் அஞ்சிக்கொண்டிருந்த பார்வையாளர் அப்போது இருவருக்காகவும் அஞ்சுவார். பிடிபட்டாலும் துயரம், தப்பினாலும் துயரம் என்ற நிலையைவிட விறுவிறுப்பானது வேறென்ன?

நம் கைக்கு எட்டும் ஒரு படம்

இதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டியதில்லை. நந்தனத்துக்குக் கூப்பிடு தூரத்தில் தியாகராய நகர் இருக்கிறது. ரங்கநாதன் தெருவின் கடைச் சிப்பந்திகளுடைய வாழ்வை 2010-லேயே வசந்தபாலன் ‘அங்காடித் தெரு’வில் காட்டினார், மேற்பார்வையாளரின் கண்ணுக்குத் தப்பி இரண்டு வார்த்தை பேசத் துடிக்கும் இளம் உள்ளங்களை அதில் கண்டோம். பதுங்கல் கதைக்கு அதைவிடப் பொருத்தமான களம் எது?

ஒரு கற்பனை சொல்கிறேன். தீபாவளிக்கு முந்திய ஞாயிறு. தெரு முழுதும் தலைகள். காவல்துறையின் கண்காணிப்புக் கோபுரம். மூலைக்கு மூலை கேமரா. பல மாடிக் கடையொன்றில் வேலை செய்யும் பெண்ணின் மதிப்பெண் சான்றிதழ் முதலாளியின் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. மறுநாள் கல்லூரியில் சேரக் கடைசி நாள். அவள் தனக்குச் சொந்தமானதை எடுத்துக்கொண்டு ஐந்து மாடி இறங்கி, 2023-ல் திறந்த ஆகாய நடைபாதை வழியாக மாம்பலம் ரயில் நிலையத்தை அடைய வேண்டும். கீழ் வாசலில் பைகளைச் சோதிக்கும் காவலாளி அவள் ஊர்க்காரர். அவள் தப்பினால் அவர் வேலை போகும். துப்பாக்கி இல்லை, சண்டை இல்லை. பார்வையாளருக்குப் படிக்கட்டு தெரியும், கேமரா தெரியும், காவலாளியின் வீட்டு நிலைமையும் தெரியும். அவள் வாசலுக்கு வரும்போது திரையரங்கில் ஓர் இருமல்கூடக் கேட்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

நம் கல்லூரியில் கைப்பேசியிலேயே குறும்படம் எடுக்கும் நண்பர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே: நாயகனின் கறுப்பு உடையைத் தைப்பதற்கு முன், ஓர் இரவு எங்கள் வாசலில் வந்து உட்காருங்கள். பெரியவர் தேநீர் தருவார். நோட்டில் பெயரை மட்டும் எழுதிவிட்டு வாருங்கள்.