கரண்ட் போனபிறகும் கத்துற அலாரம்

போன மாரியில் ஒரு நாள் இரவு மாமி வீட்டில் நாலு பேருக்கும் தலையிடி. மச்சாளுக்குச் சத்தியும் வந்தது. "பின்னேரம் வாங்கின கொத்துதான் பிழை" என்று முடிவெடுத்து எல்லாரும் இஞ்சித் தேத்தண்ணி குடித்தார்கள். கொத்தைத் தொட்டும் பார்க்காத மாமாவுக்கும் ஏன் தலை இடிக்குது என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. மாமா கொரோனா காலத்தில் வாங்கின விரலில் மாட்டுற மெஷினை மாட்டிப் பார்த்தார். ஒட்சிசன் 98. பிறகென்ன, எல்லாரும் படுத்துவிட்டார்கள்.

வெளியில் மழை, கரண்ட் இல்லை. ஜெனரேற்றர் நனையக்கூடாது என்று பின் விறாந்தையில், குசினிக் கதவடியில் இழுத்து வைத்திருந்தார்கள். நடுச்சாமத்தில் பெற்றோல் முடிந்து அது தானாக நின்றது. காத்தாடி நிக்க, வேர்த்து எழும்பி யன்னலைத் திறந்தார்கள். அதுதான் நடந்தது. மூன்று நாள் கழித்து லண்டனில் இருக்கிற மச்சான் போனில் கதை கேட்டுவிட்டு, "ஜெனரேற்றர எங்க வச்சனீங்கள்?" என்று கேட்டபோதுதான் எங்களுக்கே வயிறு கலங்கியது.

காபனோரொட்சைட்டு. ஓ.எல். விஞ்ஞானப் புத்தகத்தில் படித்து, சோதினை எழுதி மறந்த பெயர். நிறம் இல்லை, மணம் இல்லை. பெற்றோல், விறகு, கரி எது அரைகுறையாக எரிந்தாலும் வரும். இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கிற ஹீமோகுளோபினோடு இது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். விரலில் மாட்டுற மெஷினுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஹீமோகுளோபினில் காபனோரொட்சைட்டு ஏறி உட்கார்ந்திருந்தாலும் அது ஒட்சிசன் என்று நினைத்து 98 காட்டும். அந்த 98ஐ நம்பித்தான் அண்டைக்கு நாலு பேர் படுத்தார்கள்.

அதுக்குப் பிறகு ஒரு அலாரம் வாங்கவேண்டும் என்று நான் நின்றேன். டவுனில் ஒரு கடையில் கேட்டேன். "காஸ் அலாரம்தானே தம்பி, இருக்கு" என்று எடுத்துத் தந்தார்கள். பெட்டியை வாசித்தால் அது சமையல் காஸ் கசிந்தால் கத்துற சாமான். 2021 கடைசியில் காஸ் சிலிண்டர்கள் வெடித்த நேரம் கனபேர் தேடின சாமானும் அதுதான். சமையல் காஸ் காற்றைவிடப் பாரம், கீழே இறங்கி நிலத்தோடு நிற்கும். அதனால் அந்த அலாரத்தை நிலத்துக்குக் கிட்டப் பூட்டவேண்டும். காபனோரொட்சைட்டு கிட்டத்தட்டக் காற்றின் பாரம்தான், அறை முழுக்கக் கலந்துவிடும். இரண்டும் இரண்டு வேலை. ஒன்றை வாங்கிவிட்டு மற்றதுக்கும் காவல் இருக்கு என்று நினைத்துப் படுக்கிறது ஒன்றுமே வாங்காததைவிட மோசம்.

இணையத்தில் தேடினால் வெளிநாட்டு ஆலோசனைகள்தான் கொட்டுது. கொதிகலனுக்குப் பக்கத்தில் வையுங்கள், வீடு சூடாக்குகிற அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள் என்று. எங்கட வீட்டில் கொதிகலனும் இல்லை, கணப்பும் இல்லை. எங்களுக்கு இந்த வாயு வருகிறது பெரும்பாலும் கரண்ட் போனபிறகு. அப்படியென்றால் சுவரில் செருகி, கரண்டில் மட்டும் ஓடுகிற அலாரம் எங்களுக்கு எதுக்கு? ஜெனரேற்றர் லைன் எல்லாப் பிளக்குக்கும் போகாது. ஆபத்துத் தொடங்குகிற அதே நிமிசத்தில் அலாரம் செத்துப்போகும். பற்றரியில் ஓடுறதை வாங்குங்கள், இல்லாவிட்டால் உள்ளே பற்றரியும் இருக்கிற செருகல் வகையை. என்னைக் கேட்டால் இதுதான் முதல் கேள்வி. விலை, திரை, வடிவு எல்லாம் பிறகு.

இரண்டாவது, பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஐரோப்பியத் தரம் என்றால் ஈ.என். 50291, அமெரிக்கத் தரம் என்றால் யூ.எல். 2034 என்று இருக்கவேண்டும். ஐரோப்பியத் தரப்படி, காற்றில் பத்து இலட்சத்துக்கு 50 பங்கு இருந்தால் ஒன்றிலிருந்து ஒன்றரை மணித்தியாலத்துக்குள் கத்தவேண்டும். 300 பங்கு என்றால் 3 நிமிசத்துக்குள். பெயர் இல்லாத மலிவுச் சாமானிலும் 'சீ.ஓ.' என்று பெரிதாக அடித்திருக்கும், இலக்கம் ஓடுகிற நீலத் திரையும் இருக்கும். பிரித்தானியாவின் 'விச்' என்ற நுகர்வோர் அமைப்பு அப்படி இணையத்தில் விற்றவற்றைச் சோதித்தபோது, வாயு இருந்தும் சில வாயே திறக்கவில்லை. சோதனைப் பொத்தானை அமத்த 'கீ' என்றதும் ஆறுதல் படாதீர்கள். அது பற்றரியும் சத்தமும் சரி என்று மட்டும்தான் சொல்லும், உள்ளே இருக்கிற உணரி உயிரோடு இருக்கா என்று சொல்லாது. உணரிக்கு ஆயுள் இருக்கு, பொதுவாக 5 முதல் 10 வருசம். முடிவுத் திகதி பார்க்காமல் வெளிநாட்டிலிருந்து பழையதை அனுப்பச் சொல்லாதீர்கள்.

"எங்கட வீடு காத்தோட்டம் தம்பி" என்பார் மாமா. ஓட்டு வீடு, மேலே இடைவெளி, மரயன்னல் இருந்த காலத்தில் அது சரி. இப்ப கட்டுறது பிளேட் வீடு, கண்ணாடி யன்னல், படுக்கிற அறைக்கு ஏசி. அதற்குள் நாங்கள் பழைய பழக்கங்களையும் கொண்டு வந்திருக்கிறோம். குளிப்பாட்டின பிள்ளைக்கு ஈரம் போகட்டும் என்று கதவைச் சாத்திவிட்டுச் சிரட்டைத் தணலில் சாம்பிராணி காட்டுகிறோம். அம்மம்மாவின் வீட்டில் அந்தப் புகை கூரையால் போனது. இங்கே எதால் போகும்? சாம்பிராணியை விடச் சொல்லவில்லை. யன்னலைத் திறந்து காட்டுங்கள், முடிந்ததும் தணல் சட்டியை வெளியே வையுங்கள். புகை நின்றாலும் கரி அடங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. நுவரெலியாப் பக்கம் குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் கொண்டுபோகிறவர்களுக்கும் இதேதான்.

ஒன்று வாங்கத்தான் காசு என்றால் படுக்கிற அறையில் வையுங்கள், கட்டிலில் படுத்தால் தலை இருக்கிற உயரத்தில். நித்திரையில்தான் தலையிடி தெரியாது. அலுமாரிக்குள், திரைச்சீலைக்குப் பின்னால், யன்னலுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

அலாரம் வாங்க வசதி இல்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கு, செலவே இல்லை. ஜெனரேற்றரை வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் யன்னல் கதவுகளைப் பார்க்காதபடி வையுங்கள். விறாந்தை வெளியில்லை. கராஜ் கதவு திறந்திருந்தாலும் அதுவும் வெளியில்லை. அலாரம் இருக்கிறவர்களும் இதைச் செய்யத்தான் வேண்டும்.

மச்சான் கடைசியில் பற்றரி அலாரம் ஒன்று அனுப்பினார். 20 பவுண் அளவில் வந்ததாம். மாமா பெட்டியைப் பார்த்துவிட்டு, "இந்தக் காசுக்கு எத்தின லீற்றர் பெற்றோல் அடிச்சிருக்கலாம்" என்றார். அவர் சொல்லச் சொல்லவே மாமி தன்ர கட்டிலடிச் சுவரில் அதைப் பூட்டிவிட்டார். ஜெனரேற்றர் இப்ப கிணற்றடிக்கு அங்கால, நாலு தகரம் போட்ட ஒரு கொட்டிலுக்குக் கீழே நிற்குது. நீள வயருக்குத்தான் கூடச் செலவு வந்தது.