'அங்க ஃபவுல், இங்க இல்லையா?': கூடைப்பந்து நடுவர்களின் விசில் ஏன் ஒரே மாதிரி இருப்பதில்லை?

"சார், அங்க குடுத்தீங்க... இங்க ஏன் குடுக்கல?"

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ பள்ளி கூடைப்பந்து மேட்ச் பார்த்தவர்களுக்கு இந்தக் குரல் புதுசு இல்லை. நடுவர் தப்பு செய்வது ஒரு பிரச்னை என்றால், முதல் குவார்ட்டரில் ஃபவுலாக இருந்த அதே இடி கடைசி குவார்ட்டரில் ஃபவுல் இல்லை என்று ஆவது அதைவிடப் பெரிய பிரச்னை. எதற்கு விசில் வரும் என்றே தெரியாமல் ஒரு பையன் எப்படி டிஃபென்ஸ் ஆடுவான்? ஐந்து ஃபவுல் ஆனால் அவன் பெஞ்சில் உட்கார வேண்டியதுதான்.

இதில் போவது கோப்பை மட்டுமல்ல. பள்ளிப் போட்டிகளில் குறுவட்டம், மாவட்டம் தாண்டினால்தான் மாநிலப் போட்டி. அதற்கு மேலே கிடைக்கும் சான்றிதழ்கள்தான் கல்லூரி விளையாட்டு ஒதுக்கீட்டுக்கும், தமிழக அரசு வேலைகளில் உள்ள 3% ஒதுக்கீட்டுக்கும் கைகொடுக்கும்.

பணம் கொட்டும் என்பிஏ-வில் மட்டும் சரியா நடக்குதா?

இல்லை. 2023 ஜனவரி 28, பாஸ்டன். லேக்கர்ஸ் - செல்டிக்ஸ் ஆட்டம், ஸ்கோர் சமம். கடைசி நொடியில் லெப்ரான் ஜேம்ஸ் கூடைக்குப் போகிறார், ஜேசன் டேட்டம் அவர் கையில் அடிக்கிறார். விசில் வரவில்லை. லெப்ரான் தரையில் மண்டியிட்டுவிட்டார். சக வீரர் பேட்ரிக் பெவர்லி ஒரு கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் நடுவரிடமே படத்தைக் காட்ட, அவருக்கு டெக்னிக்கல் ஃபவுல்! ஓவர்டைமில் செல்டிக்ஸ் 125-121 என ஜெயித்தது. தப்பு நடந்ததை நடுவர்கள் பிறகு ஒப்புக்கொண்டார்கள். முடிவு மாறவில்லை.

ரீப்ளே இருந்துமா? இருந்தும்தான். என்பிஏ 2014-லேயே நியூஜெர்சியில் தனி ரீப்ளே மையம் திறந்தது. 2019-20 சீசனில் கோச்சுகளுக்கு சேலஞ்ச் உரிமையும் வந்தது. ஆனால் கோச் சேலஞ்ச் செய்ய முதலில் நடுவர் விசில் ஊதியிருக்க வேண்டும். ஊதாத ஃபவுலை என்ன செய்வது?

சிக்கலின் வேர் விதியிலேயே இருக்கிறது. உடம்பு உரசினாலே ஃபவுல் கிடையாது. அந்த உரசலால் எதிராளிக்கு நஷ்டமா என்று நடுவர்தான் நொடியில் எடைபோட வேண்டும். நிற்கும் கோணம் மாறினால் தீர்ப்பும் மாறும். அதனால்தான் என்பிஏ 1988-89 முதல் மூன்று நடுவர்களை நிரந்தரமாக்கியது. நம்மூர் போட்டிகளில் பெரும்பாலும் இரண்டு பேர்தான், அதிலும் பலர் உடற்கல்வி ஆசிரியர்கள். பந்து இல்லாத பக்கம் நடக்கும் இழுபறியை யார் பார்ப்பது?

மாற்றம் வந்த கதையும் உண்டு. நடுவர்கள் தங்கள் இனத்தைச் சேராத வீரர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஃபவுல் கொடுக்கிறார்கள் என்று ஜோசப் பிரைஸ், ஜஸ்டின் வோல்ஃபர்ஸ் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது 2007-ல் பெரிய செய்தியானது. அதற்குப் பிந்தைய ஆட்டங்களைப் பார்த்தபோது, அந்தச் சாய்வு காணாமல் போயிருந்தது. புது விதி எதுவும் காரணமாகத் தெரியவில்லை. தன் விசிலை யாரோ கணக்கெடுக்கிறார்கள் என்று தெரிந்ததே போதுமாக இருந்திருக்கிறது.

2015 முதல் என்பிஏ இதையே பொதுவில் செய்கிறது. நெருக்கமான ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடத்தில் சரியாக ஊதியது எது, தவறவிட்டது எது என்று மறுநாள் அறிக்கை வருகிறது. நடுவர்களை அவமானப்படுத்துகிறது என்று இதற்கு எதிர்ப்பும் உண்டு, அதில் நியாயமும் உண்டு.

திண்டிவனத்துக்கு ரீப்ளே மையம் வராது, வரவும் வேண்டாம். ஒரு செல்போன், ஒரு ஸ்டாண்ட் போதும். மேட்ச் தொடங்கும் முன் இரண்டு நடுவர்களும் பத்து நிமிஷம் உட்கார்ந்து "கையைப் பிடிச்சா முதல் நிமிஷத்துலேயே ஊதுவோம், கடைசி நிமிஷத்துலயும் ஊதுவோம்" என்று பேசி வைக்கலாம். முடிந்ததும் வீடியோவில் பத்து விசிலையாவது திரும்பப் பார்க்கலாம். ஊதாமல் விட்டதையும் சேர்த்து.