யானை விலை குறையும், தீனி குறையுமா?

சென்ற இதழில் எண்ணெய், பருப்புச் செலவை மாசக் கணக்குக்குள் அடக்குவது பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை கார் கணக்கு. "காருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம், அது ஆம்பிளைங்க பாடு" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். வீட்டுக்குள் வருகிற எந்தச் சாமானும் கடைசியில் நாம் அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்த பணத்தைத்தான் தேடி வரும்.

கோவையில் எங்கள் வீட்டு மாடியில் ஓர் இளம் தம்பதி குடியிருக்கிறார்கள். கைக்குழந்தைக்காரர்கள். நாலு மாசத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். முகமே சரியில்லை.

"அம்மா, அவர் ஒரு கார் பார்த்துட்டு வந்திருக்காருங்க. ஜெர்மன்காரன் செஞ்ச பெரிய காராம். புதுசா வந்தப்போ அரைக் கோடிக்கு மேல வித்ததாம். இப்போ எட்டு லட்சத்துக்குத் தர்றாங்களாம். புதுச் சின்னக் கார் விலைக்கு இப்படி ஒண்ணு கிடைக்குதேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாருங்க."

"பணத்துக்கு என்ன வழி கண்ணு?"

"அவர்கிட்ட மூணு லட்சம் இருக்குதுங்க. மீதி அஞ்சு, நான் வேலைக்குப் போனப்போ சேர்த்து டெபாசிட்டில் போட்டது. குழந்தைக்கு ரெண்டு வயசானதும் பி.எட். படிக்கலாம்னு வெச்சிருந்தேனுங்க. கேட்டா இல்லைன்னு சொல்லவும் மனசு வரலை. குடுக்கவும் மனசு வரலை."

அவள் புருஷனைக் குறை சொல்ல மாட்டேன். செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ரேஸ் பார்த்து வளர்ந்த பையன். சிகரெட் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. வேகமான நல்ல கார் ஒன்றை ஓட்ட வேண்டும் என்பது சின்ன வயசு ஆசை. மறுநாள் அந்தக் காரையே வாங்கி வந்து எங்களை அவிநாசி ரோட்டில் ஒரு சுற்று அழைத்துப் போனான். நிஜத்தைச் சொல்கிறேன், எனக்கே ஆசையாகத்தான் இருந்தது! கதவைச் சாத்தினால் வெளிச் சத்தமே காதில் விழவில்லை. பத்து நிமிஷத்தில் குழந்தை தூங்கிவிட்டாள்.

ஆனால் எனக்குள் ஒரு மணி அடித்துக்கொண்டே இருந்தது. காரணம், என் கொழுந்தனார். சில வருஷங்களுக்கு முன்னால் அவரும் இப்படித்தான் ஒரு பழைய பெரிய கார் வாங்கினார். முதல் ஆறு மாசம் கல்யாணம், காதுகுத்து எதற்கும் அந்தக் கார்தான். ஒருநாள் காலையில் பார்த்தால் வண்டியின் முன்பக்கம் தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது. அந்த மாதிரி சில கார்களில் இரும்புச் சுருள் கிடையாது. காற்று அடைத்த ரப்பர் பைதான் வண்டியைத் தாங்குகிறது. ரப்பருக்கு வயசானால் வெடிப்பு விட்டுக் காற்று ஒழுகும். ஒழுகிய காற்றை நிரப்ப அதன் பம்ப் ஓய்வில்லாமல் ஓடி, அதுவும் புகைந்து போகும். அவர் பொங்கலுக்குப் பட்ட கடனை ஆடி வரைக்கும் அடைத்தார். அடைத்து முடித்ததும் பிரேக் தேய்ந்தது. என் ஓர்ப்படியின் கைவளை இரண்டு அப்போது அடகுக்குப் போனதுதான். மீட்டபோது காரை விற்றாகிவிட்டது.

அதனால் மாடி வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "தம்பி, வாங்காதேன்னு நான் சொல்லலை. கணக்குப் போட்டுப் பார்த்துட்டு வாங்கு. நீ சொல்லு, நான் எழுதறேன்" என்றேன். இரண்டு மூன்று ஒர்க்‌ஷாப்புகளில் அவனையே விசாரித்து வரச் சொன்னேன். அந்த நோட்டில் உள்ளதைத்தான் இங்கே தருகிறேன்.

முதலில் பெட்ரோல். அது ஆறு சிலிண்டர், மூவாயிரம் சி.சி. எஞ்சின். ஊருக்குள் ஓட்டினால் லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிசு. இப்போது அவர்களிடம் இருக்கும் சின்னக் கார் பதினைந்து கொடுக்கிறது. மாசம் 800 கிலோமீட்டர் என்றால் வருஷத்துக்கு 9,600. சின்னக் காருக்கு 640 லிட்டர். பெரிய காருக்கு 1,600 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் 64,000 எங்கே, 1,60,000 எங்கே! தவிர, இந்த மாதிரி எஞ்சின்கள் பலவற்றுக்கு 95 ஆக்டேன் பெட்ரோல் போடச் சொல்கிறார்கள். பங்க்கில் முன்பெல்லாம் சாதாரணமாகக் கிடைத்தது 91. உயர்ரகப் பெட்ரோலுக்கு விலை கூடுதல். 2025-க்குள் நாடு முழுக்க 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. அதற்கென்று செய்யாத பழைய வண்டிகளில் மைலேஜ் கொஞ்சம் குறையும். ரப்பர் குழாய்களையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, இன்ஷூரன்ஸ். கட்டாயமாகக் கட்ட வேண்டிய மூன்றாம் நபர் பிரீமியம், 2022-ல் நிர்ணயித்தபடி, 1,000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு 2,094 ரூபாய். 1,500 சி.சி.யைத் தாண்டினால் 7,897 ரூபாய். வரி தனி. நம் வண்டிக்கு அடிபட்டால் பணம் கிடைக்கும் பாலிசியையும் சேர்த்தால் முப்பதாயிரம் என்று வைத்தோம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு, கவனியுங்கள். சாதாரண பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலைதான் கொடுப்பார்கள். பத்து வருஷம் தாண்டிய வண்டியின் உலோகப் பாகங்களுக்கும் பாதிதான். மீதிப் பாதி நம் கையிலிருந்து. பெரிய காரின் பம்பர் விலையில் பாதி என்பது சின்னத் தொகையா?

மூன்றாவது, வழக்கமான சர்வீஸ். சின்னக் காருக்கு மூணு, மூணரை லிட்டர் எஞ்சின் ஆயில் போதும். இதற்கு ஆறு, ஏழு லிட்டர், அதுவும் உயர்ந்த சிந்தெடிக் ரகம். ஸ்பார்க் பிளக் ஆறு, அதற்குக் காயில் ஆறு. பிரேக்கில் பேட் மாற்றும்போது பல தடவை டிஸ்க்கும் சேர்ந்து தேய்ந்திருக்கும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். ஒரு லட்சம் கிலோமீட்டர் வாக்கில் மாற்றுவதுதான் நல்லது. எல்லாமாகச் சராசரி வருஷத்துக்கு 40,000.

நான்காவது, டயரும் பேட்டரியும். அந்த ரகத்து டயர் நாலுக்கு 88,000, பேட்டரி 24,000 என்று கடையில் சொன்னார்கள். நாலு வருஷத்துக்குப் பிரித்தால் வருஷத்துக்கு 28,000. சில கார்களில் பின் டயர் முன் டயரைவிட அகலம். ஆகவே முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு ஆயுசை நீட்டவும் முடியாது. ஸ்டெப்னியே இல்லாத வண்டிகளும் உண்டு.

ஐந்தாவதாக, சொல்லாமல் வரும் செலவு. காற்றுப் பை, பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய், ஆயில் கசிவு, எங்கேயோ ஒரு சென்ஸார். இதற்கு வருஷத்துக்கு ஒரு லட்சம் எழுதினேன்.

தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒண்ணும் கெட்டுப் போகலைன்னா?"

"போகலைன்னா சந்தோஷம். அந்தப் பணம் பாங்கிலேயே இருக்கட்டும். போச்சுன்னா யார்கிட்ட கை நீட்டறது?" என்றேன். பதில் இல்லை.

கூட்டிப் பார்த்தோம். 1,60,000, 30,000, 40,000, 28,000, ஒரு லட்சம். ஆக மொத்தம் 3,58,000. மாசத்துக்குக் கிட்டத்தட்ட முப்பதாயிரம்! இரண்டே கால் வருஷத்தில் காரின் விலையை அதன் தீனி எட்டிவிடுகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான்.

இந்த இடத்தில்தான் பலரும் ஏமாந்து போகிறார்கள், சகோதரிகளே. வயசாக ஆக வண்டியின் விலை அரைக் கோடியிலிருந்து எட்டு லட்சத்துக்கு இறங்கிவிட்டது. ஆனால் அதன் பிரேக்கும் டயரும் காற்றுப் பையும் அரைக் கோடி ரூபாய்க் காரின் பாகங்களாகவேதான் இருக்கின்றன. அவற்றின் விலை இறங்கவில்லை. வண்டியை விற்றவர் முட்டாள் இல்லை. செலவு வரப்போகிற நேரம் பார்த்துத்தான் பல பேர் கைமாற்றி விடுகிறார்கள்.

இன்னும் இரண்டு விஷயம் நோட்டில் ஓரமாக எழுதினேன். 2012-ல் பதிவான வண்டி 2027-ல் பதினைந்து வருஷம் முடிக்கிறது. அதற்குப் பிறகு ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டி, தகுதி பார்த்து, ஐந்து ஐந்து வருஷமாகத்தான் பதிவைப் புதுப்பிப்பார்கள். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. அன்றன்றைய கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெளி மாநில வண்டி என்றால், பன்னிரண்டு மாசத்துக்கு மேல் இங்கே வைத்திருக்க இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். வரியும் கட்ட வேண்டும்.

கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு ஒரு வார்த்தை. பழைய காரின் ஏ.சி. பில்டரில் தூசியும் பூஞ்சையும் சேர்ந்திருக்கும். ஊமை வாடை வந்தால் முதலில் அதை மாற்றுங்கள். இளைப்பு உள்ள பிள்ளைகளுக்கு அது ஆகாது. எந்தக் காரானாலும் சரி, பின்னோக்கி வைக்கும் குழந்தை இருக்கையை ஏர்பேக் வேலை செய்யும் முன் சீட்டில் வைக்கவே கூடாது. பின் சீட்டுதான் பத்திரம்.

சரி, முடிவு என்ன ஆயிற்று? நான் ஒரு வழி சொன்னேன். அது எந்தப் பெரிய செலவுக்கும் பொருந்தும் என்பதால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். வாங்குவதற்கு முன்பே தீனி போட்டுப் பாருங்கள்! இப்போதுள்ள சின்னக் காருக்கு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு ஒரு லட்சம் ஆகிறது. வித்தியாசம் 2,58,000. அதாவது மாசம் 21,500. கார் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, ஆறு மாசம் இந்தத் தொகையைத் தனி பாங்க் கணக்கில் போட்டு வாருங்கள். பால், மருந்து, சீட்டு, ஊருக்கு அனுப்புவது எதிலும் கை வைக்காமல் போட முடிந்தால், யானை கட்டலாம். அப்போதும் விற்பவருக்குத் தெரியாத ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டர் வைத்துச் சோதித்து, சர்வீஸ் பில்களைப் பார்த்து, ஒரு ராத்திரி நிறுத்தி வைத்து, காலையில் வண்டி படுத்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.

முதல் மாசம் தம்பி வீம்பாக 21,500 போட்டான். இரண்டாம் மாசம் குழந்தைக்குக் காய்ச்சல், அவன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். 9,000தான் முடிந்தது. மூன்றாம் மாசம் 15,000. அதற்குள் அந்தக் காரை வேறு யாரோ வாங்கிப் போய்விட்டார்கள். இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்தான். மூன்றாம் நாள் பாங்க் பாஸ் புத்தகத்தைக் கொண்டு வந்து காட்டினான். 45,500 ரூபாய்.

"இன்னும் மூணு மாசம் பாக்கி இருக்குதுங்கம்மா. நிறுத்த மாட்டேன். கார் இல்லைன்னா இவ படிக்கிறதுக்கு ஆகட்டும்" என்றான்.

அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. டெபாசிட் ரசீதை மடித்து மறுபடி டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள் என்று பிறகு சொன்னாள். ஆனால் சாவியை அவன் கையிலேயே கொடுத்து வைத்திருக்கிறாளாம்!

உங்கள் வீட்டிலும் இப்படி யானை ஏதாவது வாசலில் வந்து நின்றதா? எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த இதழில் பேசுவோம்.