முத்தம் எங்கே பிறந்தது?

முத்தம் இல்லாத நாடு உண்டா? "இருக்கவே முடியாது" என்று பலரும் சொல்வார்கள். சினிமா பார்ப்பவர்கள் அடித்தே சொல்வார்கள். ஆனால், உண்மை வேறு.

2015-ம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சிக்காக 168 சமூகங்களின் பழக்க வழக்கங்களை அறிஞர்கள் அலசிப் பார்த்தார்கள். காதலர்கள் இதழோடு இதழ் பதிக்கும் வழக்கம் 77 சமூகங்களில்தான் இருந்தது. பாதிக்கும் குறைவு!

களிமண் சொல்லும் கதை

இன்றைய ஈராக் நாடு இருக்கும் இடத்தில், பழங்கால மக்கள் களிமண் பலகைகளில் எழுதினார்கள். சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முந்திய அந்த எழுத்துகளிலேயே முத்தம் பற்றிய பேச்சு இருக்கிறது.

பாரசீகத்தில் முத்தம் அந்தஸ்தைக் காட்டியது. சமமானவர்கள் சந்தித்தால் வாயில் முத்தம். ஒருவர் சற்றுக் குறைந்தவர் என்றால் கன்னத்தில். மிகவும் குறைந்தவர் என்றால் முத்தமே கிடையாது. காலில் விழ வேண்டும்! இதை எழுதி வைத்தவர், கிரேக்க சரித்திர ஆசிரியர் ஹெரடோட்டஸ்.

ரோமாபுரியில் அன்றாடம் முத்தமிட்டு வணக்கம் சொன்னார்கள். திபேரியஸ் சக்கரவர்த்தி அதற்குத் தடை போட்டார்!

மூக்கோடு மூக்கு

நியூசிலாந்தின் மாவோரி மக்கள் மூக்கோடு மூக்கு ஒட்டி வரவேற்பார்கள். இருவரின் மூச்சும் ஒன்றாகக் கலக்கிறது என்பது அதன் பொருள். தாய்லாந்தில் கன்னத்தில் மூக்கை வைத்து முகர்வார்கள். நம் தாய்மார்கள் பிள்ளையை உச்சி முகர்வதும் இந்த வகைதான்.

ஆகவே, முத்தத்தை வைத்து அன்பை அளப்பது தவறு. முத்தமிடாதவர்களை அன்பு தெரியாதவர்கள் என்று நினைப்பது அதைவிடப் பெரிய தவறு.

2020-ம் ஆண்டில் கொரோனா பரவியது. சந்திக்கும்போது கன்னத்தில் முத்தமிடும் வழக்கத்தைத் தவிர்க்கும்படி பிரான்சு அரசு மக்களைக் கேட்டுக்கொண்டது. முத்தம் குறைந்தது. அதனால் பாசம் குறைந்து விட்டதா?

நம் வீடுகளிலும் இந்தக் குறை உண்டு. "அப்பா ஒரு நாளும் கொஞ்சியதில்லை" என்று பிள்ளைகள் வருந்துகிறார்கள். "அவருக்கு ஆசையாகப் பேசத் தெரியாது" என்று மனைவி ஏங்குகிறாள்.

அந்த அப்பாதான், இரவு வேலை முடிந்து வந்ததும் "பிள்ளை சாப்பிட்டானா?" என்று முதலில் கேட்கிறார். தூங்கும் பிள்ளைக்குப் போர்வையை இழுத்து விடுகிறார். இதை என்னவென்று சொல்வது?

கொஞ்சத் தெரிந்தவர்கள் கொஞ்சட்டும். தெரியாதவர்களின் அன்பை, வீட்டில் உள்ளவர்கள் புரிந்து கொள்ளட்டும்.