இரட்டைக் கருவும் விமானப் பயணமும்

துபாயில் வாழும் மகளைத் தலைப்பிரசவத்திற்கு மதுரைக்கு அழைத்துவர எண்ணுகிறீர்களா? அவள் சுமப்பது இரட்டைக் கருவெனில் மாதக் கணக்கு உதவாது. வாரக் கணக்கே வேண்டும். ஒற்றைக் கருவினரை 36 வாரம் வரை ஏற்றும் விமான நிறுவனங்கள் பல, இரட்டையெனில் 32 வாரத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. 28 வாரம் கடந்தால் மருத்துவச் சான்றும் கேட்கக்கூடும். இரட்டையரில் பாதிக்கு மேற்பட்டோர் 37 வாரத்திற்கு முன்பே பிறந்துவிடுகின்றனர். ஆகவே, 'எட்டாம் மாதம் பார்த்துக்கொள்ளலாம்' என்று நாள் கடத்துதல் தகாது. ஒரே நஞ்சுக்கொடியில் வளரும் இரட்டையராயின் மருத்துவர் சொல்லே முடிவு.

நான்கு மணி நேரம் அசையாது அமர்ந்தால் கால்களில் குருதி உறையக்கூடும். இடையிடையே எழுந்து நடக்கட்டும், தண்ணீர் அருந்தட்டும். ரமளானாயினும் முஸாபிருக்கு நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்யும் சலுகை உண்டே! மாமியார் முகத்திற்கு அஞ்சித் தாகத்தை அடக்க வேண்டியதில்லை. இருக்கைப் பட்டியை வயிற்றின் மேலன்றி, அடிவயிற்றுக்குக் கீழே தொடையோடு ஒட்டி அணியச் சொல்லுங்கள்.